சனூன் கொண்டுவந்த பெட்டி

கும்மிடிப்பூண்டி முகாம்
12.10.2013

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். போன மாதம் பிடித்த காய்ச்சல் விட்டுவிட்டது. உங்கள் முழங்கால் நோவு எப்படி? அத்தான் இன்னும் அந்த ஓட்டை வள்ளத்தோடுதான் மல்லுக்கட்டுகிறாரா? தொலைபேசியில் பேசினால் நாமிருவரும் அழுதே நேரத்தை முடித்துவிடுகிறோம் என்று நீங்கள் சொன்னது சரிதான். அலுவல் பேசக் கடிதமே நல்லது.

அலுவல் இதுதான். கொம்பியூட்டர் தயார். நான் வேலை செய்யும் திருத்தகத்தில் மதியச் சாப்பாட்டு நேரங்களில் ஒவ்வொரு பாகமாகச் சேர்த்து நானே பூட்டினேன். சனூன் தன் கடைக்குப் புடவை எடுக்கச் சென்னைக்கு வந்திருக்கிறான். மன்னாரில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த, அங்கேயுள்ள தாராபுரத்துச் சனூன். முகாமுக்கே வந்து இரண்டு நாள் என்னோடு நின்றான். பெட்டியை அவன் கையில் கொடுத்திருக்கிறேன். உங்கள் வாசலில் கொண்டுவந்து தருவான். மொனிற்றரை மட்டும் மன்னாரில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜெனிஸ்ராவிடம் இதை விளக்கமாகச் சொல்லுங்கள். இப்போது வரும் ப்ரொசெசர்களுக்குள்ளேயே படம் காட்டும் சக்தியும் சேர்ந்து வருகிறது. கடிதம் அடிக்கவும் படம் பார்க்கவும் அது போதும். கேம் விளையாட அது போதாது. எஞ்சின் இல்லாத வள்ளத்தைக் கையால் வலித்து ஆழ்கடலுக்குப் போகிற கதைதான். ஆகவே தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்ட் தேடி வாங்கி உள்ளே பூட்டியிருக்கிறேன். பந்து விளையாட்டு ஒன்றும் கார் ஓட்டம் ஒன்றும் பதிந்திருக்கிறேன். பெட்டியை யாரும் திறக்க வேண்டாம். ஆணிகளின் மேல் காகிதம் ஒட்டி முத்திரை வைத்திருக்கிறேன்.

உங்கள் முன்னறையில் அவள் கொம்பியூட்டர் கடையைத் தொடங்கட்டும். நான் வந்ததும் சேர்ந்து நடத்தலாம்.

மடுமாதா உங்கள் எல்லாரையும் பார்த்துக்கொள்ளட்டும்.

தம்பி
பஸ்ரியன்

*

இலுப்பைக்கடவை
20.11.2013

அன்புத் தம்பி பஸ்ரியனுக்கு,

காய்ச்சல் விட்டது என்று வாசித்து நிம்மதி. என் முழங்கால் மழைக்கு முன்னமே மழையைச் சொல்கிறது. அத்தானுக்கும் வள்ளத்துக்கும் வருத்தம் ஒன்றும் இல்லை. எனக்குத்தான் நெஞ்சு கொதிக்கிறது. அதை எழுதவே இருந்தேன்.

பெட்டி மூன்றாம் திகதி வந்தது. உன் முத்திரை கிழிந்திருந்தது. சனூனைக் கேட்டேன். "பிளேன் இறங்கினவுடன கஸ்ரம்ஸில திறந்து பாத்தவங்கள் அக்கா, எல்லாருக்கும் அப்பிடித்தான்" என்றார். அப்போது நான் நம்பினேன்.

பதினாறாம் திகதி முன்னறையைத் திறந்தோம். சுவாமியார் வந்து தீர்த்தம் தெளித்து ஆசீர்வதித்தார். தீர்த்தம் பெட்டிக்குள் போய்விடுமென்று ஜெனிஸ்ரா தன் முந்தானையால் அதை மூடிக்கொண்டு நின்றாள். ஊர்ப் பெடியள் பதினைந்து பேர் வாசலை அடைத்து நின்றார்கள். பந்து விளையாட்டைப் போட்டாள். ஆட்டக்காரர் கழுத்தளவு தண்ணீரில் நடப்பவர்கள்போல நகர்ந்தார்கள். ஒருவன் பந்தை அடித்தான். பந்து போகலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுப் போனது. கார் ஓட்டத்தை அழுத்தினால் திரை கறுத்து, அப்படியே நின்றது. ஒரு பெடியன் "அக்கா, காருக்கு எண்ணெய் இல்லையோ?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். சுவாமியாரும் சிரித்தார். ஜெனிஸ்ராவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

அவள் உடனே எதையோ அழுத்திப் பார்த்தாள். படம் காட்டுவது ப்ரொசெசர்தான் என்று திரையில் எழுதியிருக்கிறது. உன் கார்ட்டின் பெயரே இல்லை. பிறகு நான் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தேன். மொனிற்றர் வயர் செருகும் நீல வாய் மேலே இருக்கிறது. அதற்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்பு றப்பர் வைத்து இறுக்கி மூடியிருக்கிறது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கார்ட்டைக் கழற்றி எடுத்தால் ஓட்டை தெரியும். தெரியாமலிருக்க மூடியிருக்கிறார்கள்.

ஜெனிஸ்ரா றப்பரைக் கழற்றிப் பார்ப்போம் என்றாள். நான் விடவில்லை. நாளைக்குப் பொலிசுக்குப் போனால் அதுதான் சாட்சி. கைபடக் கூடாது.

சனூனை வரச் சொல்லி ஆள் அனுப்பினேன். வந்தார். படலைக்கு வெளியிலேயே நிறுத்திக் கேட்டேன். "வல்லாஹி, நான் அதைத் தொடேல்ல அக்கா. நீங்கள் பஸ்ரியனிட்டயே கேளுங்கோ" என்றார். "கள்ளன் எண்டைக்குத்தான் ஓமெண்டு சொன்னவன்?" என்றேன். அவர் திரும்பிப் பஸ்சுக்கு நடந்தார். தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை ஊரைவிட்டுத் துரத்திய பழைய கதை எதையும் நான் இழுக்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்க, இழுத்ததுபோலத்தான் இருந்தது. அத்தான் என்னோடு இரண்டு நாளாகப் பேச்சில்லை.

நீ சனூனுக்கு நல்ல பேச்சாக இரண்டு பேசு. கடவுள் உனக்குச் சுகத்தைத் தரட்டும்.

அக்கா
மெற்றில்டா

*

கும்மிடிப்பூண்டி முகாம்
16.12.2013

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே மழை, முகாம் முழுக்கச் சேறு. சுகத்துக்குக் குறைவில்லை. நத்தாருக்கு உங்கள் எல்லாருக்கும் என் வாழ்த்து.

பதில் எழுதச் சுணங்கிவிட்டது. நடந்தது நடந்துவிட்டது, விடுங்கள். சனூன் அப்படிப்பட்டவன் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். மனிதரை யார் அறிவார்? பொலிஸ் அது இது என்று போக வேண்டாம். அவனோடு இனிப் பேச்சும் வைக்க வேண்டாம். வந்தாலும் படலையோடு அனுப்பிவிடுங்கள்.

கார்ட் இல்லையென்று கவலைப்படத் தேவையில்லை. காலம் மாறிவிட்டது. இப்போதைய ப்ரொசெசரின் படச் சக்தியே கேமுக்குத் தாராளம். இங்கே எத்தனையோ பேர் அதில்தான் விளையாடுகிறார்கள். செற்றிங்ஸைக் குறைக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஜெனிஸ்ராவுக்குத் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். திரையின் அளவைக் குறைக்கட்டும். நிழலை நிறுத்தட்டும். புல்லைக் குறைக்கட்டும். மைதானத்தில் கூட்டத்தை எடுத்துவிடட்டும். பொறுமையாக ஒவ்வொன்றாகச் செய்தால் ஓடும்.

பெட்டியைத் திறக்க வேண்டாம், பின்பக்கமும் கை வைக்க வேண்டாம். உப்புக் காற்றுக்கு உள்ளே கறள் பிடித்துவிடும்.

தம்பி
பஸ்ரியன்

*

இலுப்பைக்கடவை
14.01.2014

அன்புத் தம்பிக்கு,

நத்தார் வந்து போனது. பூசையில் உன் பெயரைச் சொல்லி மன்றாடினேன். இங்கே எல்லாருக்கும் சளியும் தடிமனும், வேறு வருத்தமில்லை. நீ மழையில் நனையாதே.

ஜெனிஸ்ரா உன் தாளைச் செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு திரிகிறாள். கோயிலால் வந்ததும் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்து, நீ எழுதிய ஒவ்வொன்றுக்கும் நேரே புள்ளடி போட்டு, ஒவ்வொன்றாகக் குறைத்துப் பார்த்தாள். இப்போது மைதானத்தில் ஒரு குருவியும் இல்லை. நாங்கள் மீளக் குடியேறி வந்த முதல் கிழமையில் இந்த ஊர் கிடந்த மாதிரிக் கிடக்கிறது. நிழலில்லாத ஆட்டக்காரர் புல்லில்லாத தரையில் ஓடுகிறார்கள். கொஞ்சம் வேகம் வந்தது உண்மை. பெடியள் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, "இது பேயளின்ர மச்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். கார் ஓட்டம் இன்னும் கறுப்புத்தான்.

ஆறு மாதம் கொம்பியூட்டர் படித்துச் சான்றிதழ் எடுத்த பிள்ளை. "எனக்குத்தான் ஏதோ விளங்கேல்ல மச்சாள். அவர் எழுதினது பிழையா இருக்காது" என்கிறாள். எனக்குக் கோபம் வருகிறது.

இனி என் கேள்வி. ஐப்பசியில் நீ எழுதியது என்ன? ப்ரொசெசரின் சக்தி கேமுக்குப் போதாது, கையால் வலிக்கிற வள்ளம் என்றாய். மார்கழியில் அதுவே தாராளம் என்கிறாய். இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தேன். இரண்டு மாதத்தில் ப்ரொசெசருக்கு என்ன தேவவரம் கிடைத்தது? உன் சாமானைக் களவெடுத்தவன்மேல் உனக்குக் கோபமும் வரவில்லை. சின்ன வயதில் உன் பென்சிலை எடுத்தவனைத் துரத்திக்கொண்டு பள்ளிமுனை வரை ஓடியவன் நீ.

நேராகக் கேட்கிறேன். கார்ட் போட்டாயா, இல்லையா? போடாமல் போட்டேன் என்று எழுதியிருந்தால் சொல். தங்கச்சிகூட இல்லாதவள் நான், நீ ஒருவன்தான். நான் கோபிக்க மாட்டேன். அந்த மனிசனுக்குத்தான் நான் பதில் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. உயிலங்குளத்திலிருந்து ஜெனிஸ்ராவைக் கேட்டு வந்திருக்கிறார்கள். தபால் கந்தோரில் வேலை செய்கிற ஆள், நல்ல குடும்பம். அவளுக்கு முப்பத்திரண்டு முடிகிறது. நீ மோதிரம் மாற்றிவிட்டுப் படகேறி ஏழு வருடம். அவளுடைய அம்மா வந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, "வாறானோ, இல்லையோ?" என்று கேட்டார். உயிர்த்த ஞாயிறுக்கு முன் மறுமொழி சொல்ல வேண்டுமாம். என்ன சொல்லட்டும்?

அக்கா
மெற்றில்டா

*

கும்மிடிப்பூண்டி முகாம்
20.02.2014

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாருக்கும் தடிமன் மாறியிருக்கும் என்று நம்புகிறேன். எனக்கு வேலை கூட, அதனால் விரிவாக எழுத முடியவில்லை.

மன்னாரில் ரேம் ஒன்று வாங்கி, அதற்கு மட்டும் பெட்டியைத் திறந்து போட்டால் வேகம் கூடும். ப்ரொசெசர் படம் காட்ட ரேமைத்தான் பங்கு கேட்கும். அந்தக் கார் ஓட்டம் பாரமானது. அதைக் கொம்பியூட்டரிலிருந்து முற்றாக அழித்துவிடச் சொல்லுங்கள். இடமாவது மிஞ்சும். மறக்காமல் அழிக்கச் சொல்லுங்கள்.

ஊர் திரும்பும் பத்திரங்கள் கொடுத்திருக்கிறேன். சுணங்குகிறது. கார்ட் பற்றி எழுத என்னிடம் புதிதாக ஒன்றுமில்லை, எழுதவேண்டியதை எழுதிவிட்டேன். என்னை நம்புங்கள்.

தம்பி
பஸ்ரியன்

*

இலுப்பைக்கடவை
18.03.2014

தம்பி பஸ்ரியனுக்கு,

சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். நாங்கள் தவசு காலத்தில் இருக்கிறோம். சந்தேகப்படுவதையும் இந்த நாற்பது நாளுக்கு விட்டுவிடலாமா என்று யோசித்தேன். முடியவில்லை.

ஆமா, இல்லை என்று ஒரு சொல் கேட்டேன். இரண்டும் வரவில்லை. ஜெனிஸ்ராவைப் பற்றிக் கேட்டேன். அவள் பெயர்கூட உன் கடிதத்தில் இல்லை. கார் ஓட்டத்தை அழிக்க வேண்டும் என்று மட்டும் இரண்டு முறை எழுதியிருக்கிறாய். ஓடாத காரில் உனக்கு என்ன பயம்?

ஜெனிஸ்ரா அதை அழிக்கவில்லை. "அவர் ஆசையாப் பதிஞ்சு விட்டது, கிடக்கட்டும்" என்கிறாள்.

ரேமும் வாங்கிப் பூட்டியாயிற்று. ஜெனிஸ்ரா கோயிலில் இருந்த நேரம் மன்னாரிலிருந்து வந்த ஆள்தான் பூட்டினான். பின்பக்கத்தைத் தொடாமல் பூட்டும்படி நான் பக்கத்திலேயே நின்றேன். உள்ளே ஏதாவது குறைகிறதா என்று கேட்டேன். "முந்தி எப்பிடி இருந்ததெண்டு எனக்கு எப்பிடியக்கா தெரியும்?" என்றான். அவனும் யாரோடு சேர்ந்தவனோ.

அத்தான் கடைசியாகப் பேச்சைத் தொடங்கினார். தொடங்கியது திட்டுவதற்காக. "அந்தச் சனம் இருபது வருசம் புத்தளத்தில ஓலைக் கொட்டிலுக்க கிடந்திட்டு, இப்பதான் தாராபுரத்தில வேலி போட்டிருக்குதுகள். நீ கள்ளப் பட்டம் குடுத்து விட்டிருக்கிறாய். நாளைக்கு அவன்ர கடையில ஆர் சீலை வாங்குவினம்?" என்றார்.

உயிலங்குளத்தாருக்கு மறுமொழி சொல்லிவிட்டேன். தம்பி பத்திரம் கொடுத்திருக்கிறான், இந்த வருடம் வந்துவிடுவான் என்றேன். அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். ஜெனிஸ்ரா எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். உன் ஒற்றைச் சொல்லை நம்பித்தான் அதைச் செய்தேன். நினைவில் வைத்துக்கொள்.

அக்கா
மெற்றில்டா

*

இலுப்பைக்கடவை
24.04.2014

தம்பி,

உன்னிடமிருந்து பதில் இல்லை. உயிர்த்த ஞாயிறும் போய்விட்டது. ஆனாலும் எழுதுகிறேன், எழுதாமல் இருக்க முடியவில்லை.

நேற்றுக் காலையில் எஞ்சின் திருத்தும் றொபேட் அண்ணர் ஒரு விண்ணப்பம் அடிக்க வந்தார். ஜெனிஸ்ரா அடித்துக்கொண்டிருக்க, அவர் கொம்பியூட்டரைச் சுற்றி வந்து பின்பக்கத்தைக் குனிந்து பார்த்தார். "இதை ஆர் கட்டினது?" என்று கேட்டார். கார்ட்டைக் களவெடுத்தவன் ஓட்டையை மூடிக் கட்டியது என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

"பிள்ளை, சைக்கிள் ரியூப்பைக் கீறி, உள்பக்கம் கிறீஸ் பூசி, இப்பிடி மடிச்சுக் கட்டுறது எங்கட ஆக்கள். லொறியில எஞ்சின் ஏத்தேக்க உப்புக் காத்துப் போகாமல் வாயைக் கட்டுற கட்டு. சனூன் புடவை யாவாரி, அவருக்கு எங்க இந்தக் கட்டுத் தெரியும்? வெறும் ஓட்டைக்கு ஆரும் கிறீஸ் பூசுவினமோ?"

அவரே கத்தி வாங்கி வெட்டி எடுத்தார். உள்ளே ஓட்டை இல்லை. மேலே இருக்கும் அதே நீல வாய் அங்கும் ஒன்று இருந்தது, பக்கத்தில் இன்னும் இரண்டு, கிறீஸ் மினுங்க. மேலே இருந்தது ப்ரொசெசரின் வாய், இதுதான் உன் கார்ட்டின் வாய். ஜெனிஸ்ரா துணியால் துடைத்து, வயரை மேலிருந்து கழற்றிக் கீழே செருகினாள். உன் கார்ட்டின் பெயர் திரையில் வந்தது. பந்து விளையாட்டு ஆற்றுத் தண்ணீராய் ஓடியது. புல், நிழல், கூட்டம் எல்லாம் வந்தன. அவள் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு பார்த்திருந்தாள்.

கார்ட் ஒரு நாளும் களவு போகவில்லை. ஆறு மாதமாக அது இந்த அறையில்தான் இருந்தது. சாட்சி என்று சொல்லி, நான்தான் யாரையும் தொட விடாமல் காவல் இருந்தேன்.

அந்தக் கட்டு உன் கட்டு. அப்பா உனக்குப் பழக்கியது. கறுப்பு றப்பர் என்று நான் கார்த்திகையிலேயே எழுதினேன். வாசித்தவுடனே உனக்கு விளங்கியிருக்கும். "அக்கா, அதைக் கழற்றுங்கோ" என்று ஒரு வரி போதும். நீ எழுதவில்லை. பின்பக்கம் கை வைக்க வேண்டாம் என்று எழுதினாய். ஏன்?

திங்கட்கிழமை அத்தானோடு தாராபுரத்துக்குப் போகிறேன். என்ன முகத்தோடு போவது என்றுதான் தெரியவில்லை.

மெற்றில்டா அக்கா

*

இலுப்பைக்கடவை
05.05.2014

பஸ்ரியன்,

ஒன்றே ஒன்று கேட்கிறேன். டிலோஜினி யார்?

அக்கா

*

கும்மிடிப்பூண்டி முகாம்
26.05.2014

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் மூன்று கடிதமும் கிடைத்தன. உங்கள் உடல்நலத்தை விசாரிக்க எனக்குத் தகுதி இருக்கிறதா தெரியவில்லை. ஆனாலும் முழங்காலைக் கவனியுங்கள்.

கடைசியில் சனூன் சொல்லிவிட்டான். சொல்ல மாட்டேன் என்று உம்மாமேல் சத்தியம் செய்துவிட்டுப் போனவன். சொல்லுவான் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பயந்துதான் எல்லாம்.

டிலோஜினி என் மகள். நான் பெற்ற பிள்ளை இல்லை. பத்து வயது. அவளுடைய தாய் மனோன்மணி. தகப்பன் இரண்டாயிரத்து எட்டில் கடல் தொழிலுக்குப் போய்த் திரும்பவில்லை. முகாமில் என் அறைக்கு அடுத்த அறையில் இருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது பெயருக்கு முன்னால் போட எழுத்துக் கேட்டார்கள். தாயும் பிள்ளையும் தகப்பன் பெயரைச் சொல்ல முடியாமல் அழுதுகொண்டு நின்றார்கள். நான் கூடப் போயிருந்தேன். என் எழுத்தைப் போடுங்கள் என்றேன். அப்படித்தான் தொடங்கியது. மூன்று வருடத்துக்கு முன் மனோன்மணியும் நானும் கலியாணம் பதிவு செய்தோம். அவர்கள் வேதக்காரர் இல்லை, சைவம். உங்களுக்கு எழுத ஒவ்வொரு முறையும் பேனை எடுத்தேன். ஒவ்வொரு கடிதத்திலும் நீங்கள் ஜெனிஸ்ராவின் பெயரை எழுதினீர்கள்.

சனூன் இங்கே நின்ற இரண்டு நாளும் மனோன்மணிதான் அவனுக்குச் சமைத்துப் போட்டாள். சொல்லாதே என்று கேட்டேன். "நீயே சொல்லு. ஆனா சுணங்காத" என்றான்.

பிறகு உங்கள் கடிதம் வந்தது. நீங்கள் படலைக்கு வெளியில் அவனை நிறுத்தியதை வாசித்தேன். றப்பர் என்று வாசித்ததும் விளங்கியது. நான் கட்டிவிட்டு எழுத மறந்த கட்டு. உடனே பேனையை எடுத்தேன். பிறகு ஒரு நினைப்பு வந்தது. கார்ட் கிடைத்தால் நீங்கள் அவனிடம் மன்னிப்புக் கேட்கப் போவீர்கள். போனால் இருந்து கதைப்பீர்கள். கோபமாக இருக்கும்வரை போக மாட்டீர்கள். பேனையை வைத்துவிட்டேன். அவன் இரண்டு முறை தொலைபேசி எடுத்தான். அக்காவுக்கு எழுதித் தெளிவாக்குகிறேன் என்று இரண்டு முறையும் சொன்னேன்.

ப்ரொசெசர் போதும் என்று நான் எழுதியதெல்லாம் பொய் இல்லை அக்கா. சின்ன விளையாட்டுகளுக்கு அது போதும்தான். ஆனால் அதை நான் எழுதியது அதற்காக இல்லை.

ஜெனிஸ்ராவுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நீங்களே சொல்லுங்கள். நான் கோழை.

தம்பி
பஸ்ரியன்

*

இலுப்பைக்கடவை
15.06.2014

பஸ்ரியன்,

சுகம் விசாரித்துத் தொடங்க இன்று கை வரவில்லை.

முதலில் சனூனைப் பற்றி. அவர் சொல்லவில்லை.

எழுதியபடியே அந்தத் திங்கட்கிழமை, சித்திரை இருபத்தெட்டில், அத்தானும் நானும் தாராபுரத்துக்குப் போனோம். அவர் கதிரை போட்டார். நான் இருக்கவில்லை. நின்றபடியே, "தம்பி, நான் உங்களைக் கள்ளன் எண்டு சொன்னது பிழை. என்னை மன்னியுங்கோ" என்றேன். அவருடைய மனிசி பர்ஸானா உள்ளேயிருந்து வந்து என் கையைப் பிடித்து இருத்தினார். சனூன் சொன்னது இதுதான்: "பெட்டி என்ர கையால வந்தது அக்கா. சந்தேகம் என்னிலதானே வரும். ஆனா நீங்கள் படலையைத் திறந்து உள்ளுக்கு விட்டுட்டுக் கேட்டிருக்கலாம்." நான் அழுதுவிட்டேன். பிறகு கேட்டேன், தம்பி ஏன் ஆறு மாதமாக உண்மையை எழுதவில்லை, அங்கே ஏதாவது இருக்கிறதா என்று. "அவன் நல்லா இருக்கிறான். மிச்சத்தை அவனிட்டக் கேளுங்கோ" என்றார். வேறு ஒரு சொல் இல்லை. தேத்தண்ணி தந்து, பஸ் வரைக்கும் கூட வந்து ஏற்றிவிட்டார்.

நீ அவரைக் கள்ளனாக விட்டுவைத்திருந்தாய். அவர் உன் மறைவைக் காத்துக்கொண்டிருந்தார். உன் கடிதத்தில் அவரைச் சத்தியம் தவறியவன் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை இன்னொரு முறை நீயே வாசி.

சொன்னது கார் ஓட்டம். கார்ட் வேலை செய்யத் தொடங்கியதும் அதுவும் ஓடியது. முதல் பக்கத்திலேயே ஓட்டியவரின் பெயர் வந்தது. ஆங்கிலத்தில் பீ எழுத்து, ஒரு புள்ளி, பிறகு டிலோஜினி. இருநூற்றுப் பதினொரு ஓட்டம். ஜெனிஸ்ரா பத்து நாள் தனக்குள் வைத்திருந்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். "திருத்தகத்துக்கு வந்த ஆரும் பிள்ளையா இருக்கும்" என்றேன். "சென்னைப் பிள்ளைக்கு டிலோஜினி எண்டு ஆர் பேர் வைப்பினம் மச்சாள்? இது எங்கட பக்கத்துப் பேர். முன்னுக்கு நிக்கிற எழுத்துத் தேப்பன்ர எழுத்து" என்றாள்.

உன் கடிதத்தை அவளுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். ஒரு வரியும் விடவில்லை. கேட்டு முடித்துவிட்டு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அவர் கலியாணம் கட்டினதை விடுங்கோ. தேப்பனில்லாத பிள்ளைக்கு எழுத்துக் குடுத்தவர், அதில நான் என்ன சொல்ல? முதல் வருசமே சொல்லியிருந்தா நானும் என்ர வழியைப் பாத்திருப்பன். ஆனா அந்தத் தாளை எனக்கு அனுப்பினவர் மச்சாள். கார்ட் உள்ளுக்கு இருக்கெண்டு தெரிஞ்சுகொண்டு, நிழலை நிப்பாட்டு, புல்லைக் குறை எண்டு எழுதி அனுப்பினவர். நான் என்ர படிப்பிலதான் பிழையெண்டு நினைச்சு, படிப்பிச்ச ரீச்சரிட்டப் போய் அழுதனான். அதை நான் மன்னிக்க மாட்டன்."

சொல்லிவிட்டு முன்னறையைத் திறக்கப் போனாள். பெடியள் வாசலில் நின்றார்கள். அறை இனி அவளுடையது, கொம்பியூட்டரும் அவளுடையது. நான் சொல்லிவிட்டேன். உயிலங்குளத்து ஆளுக்கு வைகாசியில் வேறிடத்தில் கலியாண எழுத்து முடிந்துவிட்டது. அவர்களை அனுப்பியது என் வாய். சனூனைக் கள்ளன் என்றதும் என் வாய். உன்னில் மட்டும் பழி போட்டுவிட்டு நான் நித்திரை கொள்ள முடியாது.

அந்தப் பிள்ளைமேலும் தாய்மேலும் எனக்கு ஒரு கோபமும் இல்லை. வேதமோ சைவமோ, அவர்களுக்கு இந்த வீட்டில் இடம் இருக்கிறது. கூட்டிக்கொண்டு வா. ஆனால் வந்து இறங்கியதும் இங்கே வராதே. முதலில் தாராபுரத்துக்குப் போய்ச் சனூனின் வாசலில் நில்.

போய் நின்றாய் என்று சனூன் எனக்கு எழுதட்டும். உன் கையெழுத்தில் வந்தால் நான் நம்ப மாட்டேன்.

மெற்றில்டா